கூடவே இருந்த அம்மா
ஏமி கார்மைக்கேல் (1867 – 1951)



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, தொழிற்சாலைப் பம்புகளைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பித்து விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான். ஆனால் மனதில் பல நாளாக உறுத்திக் கொண்டிருக்கும் வேறொரு விஷயம் இருக்கிறது. அதை நம் கல்லூரிக் குடும்பத்தாரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு என் ஊர். பட்டுத் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். தறியில் ஒரு பாவு தீர்ந்து போனால், அதன் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பொறுமையாக, பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. அவசரப்பட்டு எழுந்து போனால் அந்த இடத்தில் இழை விட்டுப் போகும். பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பிணைப்புக் காலம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. பள்ளி மாறும், குரல் மாறும், சிநேகிதம் மாறும், சில வீடுகளில் அப்பாவின் பிழைப்பே மாறும்.

கல்லூரியை முடித்து வந்த புதிதில் எங்கள் சபையில் அந்த வயசுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தேன். அதில் ஒரு பையன். பேர் வேண்டாம். ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்து டவுன் பள்ளிக்கு மாற வேண்டிய வருஷம். வீட்டில் கடன். அவன் தறியில் உட்காருவானா, ஒன்பதாவதில் உட்காருவானா என்று இழுபறி. அந்த நேரத்தில் எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. நானும் போய் விடுவேனா என்று அவன் கேட்டான். மாதம் ஒருமுறை வருவேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். இரண்டு மாதம் போனேன். அதற்குப் பிறகு போகவில்லை. அவன் தறியில் உட்கார்ந்து விட்டான்.

இதற்குப் பிறகுதான் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கையை ஒழுங்காகப் படித்தேன். டோனாவூர் அம்மா என்றால் தென் மாவட்டத்து நண்பர்களுக்கு உடனே தெரியும். தேவதாசி முறையிலிருந்து பெண் குழந்தைகளைக் காப்பாற்றியவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் காப்பாற்றிய அந்த ஒரு நாளைவிட, அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான சாதாரண நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

வால்நட்சத்திரமும் நூலும்

ஏமி 1867 டிசம்பர் 16ஆம் தேதி அயர்லாந்தின் வடபகுதியில், மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா டேவிட் கார்மைக்கேலுக்கு மாவு மில். வசதியான குடும்பம். சின்ன வயதில் ஏமிக்கு ஒரே ஒரு மனக்குறை. அவருடைய கண் பழுப்பு நிறம். நீலக் கண் வேண்டும் என்று மூன்று வயதில் ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டு, காலையில் எழுந்து கண்ணாடியில் பார்த்து ஏமாந்து போனாராம். பழுப்புக் கண் தமிழ்நாட்டில் எவ்வளவு உதவும் என்பது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? பிற்காலத்தில் சேலை கட்டி, முகத்தில் காப்பிச் சாயம் பூசிக்கொண்டு அவர் கோயில் தெருக்களுக்குள் போய் வந்ததாகச் சொல்வார்கள். நீலக் கண்ணாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

பன்னிரண்டு வயதில் அவரை இங்கிலாந்தில் ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். கடலும் தம்பி தங்கைகளுமாக இருந்த பிள்ளைக்கு நாலு சுவர். ஹாஸ்டலில் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்தானே! அவர் அங்கே ஒன்றும் அடங்கின பிள்ளை இல்லை.

1882இல் வானத்தில் மிகப் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று தோன்றியது. விடியுமுன் எழுந்து பார்க்கத் தலைமை ஆசிரியையிடம் அனுமதி கேட்டார் ஏமி. கிடைக்கவில்லை. உடனே ஒரு யோசனை செய்தார். தோழிகளின் கால் கட்டை விரலில் ஆளுக்கொரு நூலைக் கட்டி, நூல்களின் மறு நுனிகளைத் தன் கையில் பிடித்துக்கொண்டு தூங்காமல் விழித்திருந்தார். நேரம் வந்ததும் நூலை இழுத்தார். எல்லோரும் சத்தமில்லாமல் மாடிக்கு ஏறிப் போனால், அங்கே தலைமை ஆசிரியையும் மற்ற ஆசிரியைகளும் ஏற்கெனவே நின்று வால்நட்சத்திரம் பார்த்துக் கொண்டிருந்தார்கள்! நம் ஹாஸ்டல் நண்பர்கள் இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்து வார்டன் முன்னால் விழுந்த கதையெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்!

ஹாரோகேட்டில் இருந்த கடைசி வருஷத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு கூட்டம் நடந்தது. பிள்ளைகளுக்கான விசேஷ ஊழியம் என்று ஒரு இயக்கம் அதை நடத்தியது. ஏமி பிறந்த அதே 1867இல் லண்டனில் ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் ஒரு வீட்டு அறையில் சில குழந்தைகளைக் கூட்டி வைத்துத் தொடங்கியது அது. பெரியவர்களுக்கான நீண்ட பிரசங்கத்தில் குழந்தைகளை உட்கார வைத்துத் தூங்க வைக்காமல், அவர்களுக்குப் புரிகிற மொழியில் பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். அடுத்த வருஷம் கடற்கரை மணலில் எழுத்துக்களை வரைந்து விடுமுறைக் குழந்தைகளைக் கூட்டினார். இன்று நம் பள்ளிகளில் கேள்விப்படுகிற ஸ்கிரிப்சர் யூனியன் அந்த விதையிலிருந்து வந்த மரம். அந்தக் கூட்டத்தில்தான் ஏமியின் விசுவாசம் அம்மா அப்பா சொல்லிக் கொடுத்த பாடமாக இல்லாமல் சொந்த விசுவாசமாக ஆயிற்று. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. தன் வாழ்க்கை முழுவதையும் அந்த வயசுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர், அந்த வயதில்தான் திரும்பினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சால்வைப் பெண்கள்

அந்த நேரத்தில்தான் வீடு ஆட்டம் கண்டது. தொழில் நொடித்தது. ஏமியின் படிப்பு நின்றது. குடும்பம் பெல்பாஸ்ட் நகரத்துக்குக் குடிபோனது. 1885 ஏப்ரலில் அப்பா நிமோனியாவில் இறந்து போனார். பதினேழு வயது மூத்த பெண். கீழே ஆறு பேர்.

அந்தக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது, பாரமான மூட்டையோடு ஒரு ஏழைக் கிழவி எதிரே வந்தார். ஏமியும் தம்பிகளும் அவருக்குக் கைகொடுத்து நடந்தார்கள். சர்ச்சிலிருந்து திரும்பும் கனவான்கள் எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவர்களுக்கு உள்ளுக்குள் வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்துப் பிறகு ஏமி வெட்கப்பட்டார். பகட்டு என்பது அவரிடமிருந்து அன்றோடு கழன்றது.

பெல்பாஸ்ட் அன்று உலகத்தின் லினன் தலைநகரம். சணல் வகை நாரில் நூற்று நெய்யும் பிரம்மாண்டமான மில்கள். நூல் அறுந்து போகாமல் இருக்க அறையை ஈரமாகவும் சூடாகவும் வைத்திருப்பார்கள். பெண்களும் சிறுமிகளும் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நின்று வேலை செய்வார்கள். அரை நேரப் பிள்ளைகள் என்று ஒரு முறை சட்டப்படியே இருந்தது. ஒரு நாள் மில், மறுநாள் பள்ளி. 1874 சட்டப்படி பத்து வயது முடிந்தால் மில்லுக்குள் போகலாம். 1891இல் அதைப் பதினொன்றாக்கினார்கள், 1901இல் பன்னிரண்டாக்கினார்கள். நம்ம ஊர்த் தறிப் பக்கம் பார்த்ததை அங்கே பெரிய அளவில் நினைத்துக் கொள்ளுங்கள்.

அந்தப் பெண்களுக்குத் தொப்பி வாங்கக் காசில்லை. தலையில் ஒரு சால்வையைப் போட்டுக் கொள்வார்கள். அதனால் சால்வைக்காரிகள் என்று கேலிப் பெயர். ஏமி அவர்களைத் தன் சபையின் கூடத்துக்குக் கூட்டி வந்து வகுப்பு நடத்தினார். தொப்பி போட்ட சீமாட்டிகள் முகம் சுளித்தார்கள். ஏமி நிறுத்தவில்லை. கூட்டம் பெருகிக் கூடம் போதாமல் போனது. ஐந்நூறு பேர் உட்காரக்கூடிய தகரக் கூடம் ஒன்றை ஐந்நூறு பவுனுக்குக் கட்டலாம் என்று ஒரு பத்திரிகையில் பார்த்தார். யாரிடமும் வசூலுக்குப் போகவில்லை. ஒரு பெண்மணி பணம் தந்தார், ஒரு மில் முதலாளி நிலம் தந்தார். 1889 ஜனவரி 2ஆம் தேதி கூடம் திறந்தது. அதற்கு வெல்கம் என்று பெயர் வைத்தார்கள். நல்வரவு என்று பொருள்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூட்டம், இரவுப் பள்ளி, தையல் வகுப்பு, பாட்டு, தாய்மார் கூட்டம் என்று வாரம் முழுக்க நடந்தது. பிரசங்கம் மட்டும் போதாது, மில்லுக்குள் போன பிள்ளைக்குப் படிப்பும் தோழமையும் அதே கூரையில் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்தச் சபை இன்றும் பெல்பாஸ்டில் இருக்கிறது. அப்போது ஏமிக்கு வயது இருபத்தொன்று. இறுதியாண்டு மாணவர்களே, உங்கள் வயதுதான்!

திருநெல்வேலிச் சீமைக்கு

பிறகு மான்செஸ்டர் சேரிகளில் வேலை. உடம்பு கெட்டது. 1893இல் ஜப்பானுக்குப் போனார். பதினைந்து மாதம் கூடத் தாக்குப் பிடிக்க முடியாமல் இலங்கை வழியாக ஊர் திரும்பினார். இந்த ஆள் தேற மாட்டார் என்று யாராவது நினைத்திருந்தால் அதில் தவறில்லை. 1895 நவம்பரில் பெங்களூருக்கு வந்து இறங்கினார். அங்கேயும் டெங்குக் காய்ச்சல்.

தமிழ் கற்கத் தொடங்கியதும் தாமஸ் வாக்கர் என்ற தமிழறிந்த மிஷனரியின் குடும்பத்தோடு 1896 இறுதியில் திருநெல்வேலிப் பக்கம் வந்தார். பண்ணைவிளையில் தங்கி, பொன்னம்மாள் முதலான சில தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அவரைக் கண்டால் வீடுகளில் பயம். பிள்ளை பிடிக்கிற அம்மாள் என்று பெயரே விழுந்து விட்டது. அப்படி வந்தவர்களில் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமி அருளாயி ஒருத்தி. அவரே பின்னாளில் டோனாவூரின் தூண்களில் ஒருவராகி, 1939இல் இறக்கும் வரை ஏமியின் வலது கையாக இருந்தார்.

1901 மார்ச் மாதம் ஒரு மாலை. ப்ரீனா என்ற ஏழு வயதுக் குழந்தை கோயிலுக்கு விடப்பட்ட வீட்டிலிருந்து தப்பி ஓடி வந்தாள். அதற்கு முன்பும் ஒருமுறை ஓடித் தூத்துக்குடியில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தவள்தான். அம்மா பயந்து திருப்பிக் கொடுத்து விட்டார். தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை ஓடி வந்தபோது ஒரு பெண் அவளைப் பண்ணைவிளையில் ஏமியிடம் கொண்டு வந்து விட்டார். தேடி வந்தவர்களோடு போக மாட்டேன் என்று குழந்தை உறுதியாக நின்றாள். ஏமியின் மடியில் வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து முப்பத்து மூன்று வயது ஏமி அம்மாவானார்.

தேவதாசி மரபில் இசையும் நடனமும் கல்வியும் சொத்துரிமையும் கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்பதையும், மிஷனரிகள் எழுதியது முழுச் சித்திரம் அல்ல என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் எடுத்துக் காட்டினார்கள். அதை ஏற்றுக் கொள்கிறேன். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்குத் தன் வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை என்பதும் அதே அளவு உண்மை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அதைத்தான் கண்டார். 1930இல் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதிலிருந்துதான் சென்னையில் அவ்வை இல்லம் பிறந்தது. கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது.

கால் கட்டப்பட்டது

1901 இறுதியில் ஏமி டோனாவூருக்கு வந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் கிராமம். ரேனியஸ் ஐயர் காலத்தில் ஊருக்கு இடம் வாங்கப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அமைந்த ஊர் அது. 1904 நடுவில் பதினேழு பிள்ளைகள். 1913இல் நூற்று முப்பது.

பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்று நம் பக்கம் சொல்வோம். அதுதான் நடந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்து பேர் வாங்கிய பெண், இப்போது குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, நகம் வெட்டி, தலை சீவிக் கொண்டிருந்தார். இது ஊழியமா, ஆயா வேலையா என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவருக்குள்ளேயும் அந்தக் கேள்வி இருந்தது. தம் ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவினாரே, அதைவிட இது தாழ்ந்த வேலையா என்று யோசித்துத் தீர்த்துக் கொண்டார். வண்டிப் பயணம் நின்றது. சக மிஷனரிகளிலேயே பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவரை ஊருக்குத் திருப்பி அனுப்ப முயற்சிகூட நடந்தது. அவர் போகவில்லை.

இங்கே ஒரு கணக்கைக் குறிப்பிட்டாக வேண்டும். மிஷனரிகள் சில வருஷங்களுக்கு ஒருமுறை விடுப்பில் சொந்த நாட்டுக்குப் போய் வருவது வழக்கம். ஏமி 1895இல் வந்தவர், 1951இல் இறக்கும் வரை ஒரு தடவைகூடப் போகவில்லை. ஐம்பத்தைந்து வருஷம்! அம்மாவை ஒருமுறை இழந்து வந்த பிள்ளைகள் இன்னொரு முறையும் இழக்கக் கூடாதே!

பத்து வயதுக்கு மேல்

கைக்குழந்தையை வளர்ப்பதில் கஷ்டம் உடம்புக்கு. பத்து வயதுக்கு மேல் கஷ்டம் மனதுக்கு. நான் யார், என் அப்பா அம்மா யார், என்னை ஏன் கொடுத்து விட்டார்கள் என்ற கேள்விகள் அப்போதுதான் வரும். டோனாவூர் இதை எப்படிச் சமாளித்தது?

முதலாவது, உறவுமுறை. அங்கே வார்டன், மேட்ரன் என்ற பேச்சே இல்லை. ஏமி அம்மா. தமிழ்ப் பெண் ஊழியர்கள் அக்காள். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி. ஆண்கள் அண்ணாச்சி. நூறு பேரைப் பெரிய கொட்டகையில் அடைக்காமல், சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு அக்காளை வைத்தார்கள். சாதி பாராமல் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். எந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது என்று முறைப்படி தெரியாத இடத்தில், யாருக்கு யார் என்ன முறை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது, வந்த நாள். பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் டோனாவூருக்கு வந்து சேர்ந்த தேதியைப் பிறந்தநாள் போலக் கொண்டாடினார்கள். கைவிடப்பட்ட நாளாக நினைவில் இருக்க வேண்டியதை வரவேற்கப்பட்ட நாளாக மாற்றி விட்டார்கள். சின்ன ஏற்பாடுதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

மூன்றாவது, மலை. 1917இல் மலைக்காட்டில் ஒரு இடம் வாங்கினார். கோடையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவார். காட்டாற்றுக் குளத்தில் நீச்சல், மரம், பறவை, மலையேற்றம். வளரும் உடம்புக்கு ஓட இடம் வேண்டும் என்பதைப் புரிந்து வைத்திருந்தார்.

நான்காவது, பொறுப்பு. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்வார்கள். காப்பாற்றப்பட்டவள் என்ற நிலையிலிருந்து காப்பாற்றுகிறவள் என்ற நிலைக்கு அவர்களை மெதுவாக நகர்த்தியது இதுதான். பிற்காலத்தில் அக்காள்களாக இருந்தவர்களில் பலர் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள்.

1918 ஜனவரியில் முதல் ஆண் குழந்தையும் வந்தது. கோயில்களிலும் நாடகக் கம்பெனிகளிலும் சிறுவர்கள் சீரழிவதை ஏமி முன்பே பார்த்திருந்தார். பெண்களுக்கான வீட்டில் பையன்களை எப்படி வளர்ப்பது என்று பலர் தலையை ஆட்டினார்கள். தனி இடம் வாங்கி வீடுகள் எழும்பின. பையன்கள் மீசை அரும்பும் வயசுக்கு வந்தபோது, அவர்களுக்கு அண்ணாச்சி ஒருவர் வேண்டும் என்பதை அம்மா உணர்ந்தார். 1926இல் காட்ஃப்ரே வெப்-பெப்ளோ என்ற இளைஞர் வந்து அந்தப் பொறுப்பை ஏற்றார். அவரும் பாதியில் விட்டுப் போகவில்லை. 1949இல் இறக்கும் வரை டோனாவூரில்தான் இருந்தார்.

முத்தம்மாள் வழக்கு

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். 1909இல் முத்தம்மாள் என்ற சிறுமி வந்தாள். அவளைத் திருப்பித் தரும்படி தாயின் தரப்பில் கோர்ட்டுக்குப் போனார்கள். 1911இல் சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். ஒப்படைக்க வேண்டிய நாள் வருமுன் பிள்ளையைக் காணோம். ஏமியின் சிநேகிதி ஒருவர் அவளுக்கு ஆண் வேஷம் போட்டு வெளியே அனுப்பி விட்டார். கைமாறிக் கைமாறி இலங்கைக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் போனாள். எங்கே போனாள் என்று ஏமிக்கே உடனே தெரியவில்லை. கோர்ட் உத்தரவை மீறிய குற்றத்துக்குச் சிறைக்குப் போகத் தயாராக இருந்தார். வழக்கு அதற்குமேல் வரவில்லை. முத்தம்மாள் வருஷங்கள் கழித்து, டோனாவூரைச் சேர்ந்த ஒருவரை மணந்து கொண்டாள்.

இது சரியா? சட்டப்படி தவறுதான். பெற்ற தாயின் உரிமையை இவ்வளவு எளிதாகத் தாண்டலாமா என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, தெரிந்த மொழி ஒன்றும் இல்லாத நாட்டுக்கு அனுப்பியது சின்ன விஷயமும் இல்லை. இன்றைக்கு இப்படிப்பட்ட பிள்ளைக்குக் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, 1098 என்ற எண் இருக்கிறது. அன்று ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். அந்தப் பிள்ளைக்காக ஒருவர் சிறைக்குப் போகவும் தயாராக இருந்தார் என்பது, டோனாவூரில் இருந்த மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

வேறு குறைகளும் உண்டு. டோனாவூர் தனி உலகமாக இருந்தது. வெளியுலகத்தோடு பழகாமல் வளர்ந்தவர்களுக்குப் பிறகு வெளியே வாழ்வது சிரமமாக இருந்தது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் பிள்ளையின் கூடவே இருக்க வேண்டும், ஆனால் வாசல் கதவும் திறந்திருக்க வேண்டும். அம்மையாரைவிட நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன்.

கட்டிலிலிருந்து இருபது வருஷம்

1931 அக்டோபர் 24ஆம் தேதி மாலை களக்காட்டில், மருத்துவப் பணிக்காக எடுத்த வாடகை வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டில், புதிதாகத் தோண்டியிருந்த ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. ஒருசில வாரத்தில் எழுந்து விடலாம் என்று நினைத்தார்கள். அறுபத்து மூன்று வயது. அதன்பின் முதுகிலும் வலி பிடித்துக் கொண்டது. கடைசி இருபது வருஷமும் பெரும்பாலும் அந்த ஒரே அறைதான்.

பிள்ளைகள் பின்னால் ஓட முடியாத அம்மா என்ன செய்வது? எழுதினார். அவர் எழுதிய முப்பத்தைந்து புத்தகங்களில் பலவும் அந்தக் கட்டிலில் எழுதியவை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது துண்டுச் சீட்டுகள். பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் தனித்தனியாக, பேர் போட்டு, நாள்தோறும் எழுதி அனுப்பினார். பரீட்சை, காய்ச்சல், சண்டை, வந்த நாள் எதுவாக இருந்தாலும் அம்மாவின் சீட்டு வந்து விடும். நடக்க முடிகிற காலத்தில் கூட இருந்தார், முடியாத காலத்திலும் கூட இருந்தார்.

1951 ஜனவரி 18ஆம் தேதி, எண்பத்து மூன்று வயதில் காலமானார். கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லி இருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் வைத்தார்கள். அதில் பேர் இல்லை, பட்டம் இல்லை. அம்மா என்று பொருள்படும் ஒரு சொல் மட்டும். பின்னாளில் அதே டோனாவூரில், வடக்கே ஊழியம் செய்யும் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளியும் தோன்றியது. வருஷத்துக்கு வருஷம் ஊர் மாறும் அந்தப் பிள்ளைகளுக்கும் அது ஒரு நிலையான இடமாயிற்று.

நமக்கு

ஆரணியும் மிஷன் பள்ளிகளைக் கண்ட ஊர்தான். 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் நிலையங்களில் அதுவும் ஒன்று. கட்டிடம் கட்ட நமக்குத் தெரியும். வருஷா வருஷம் மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம். பத்து நாள் பாட்டு, கைவேலை, கடைசி நாள் பரிசு. நல்ல விஷயம்தான். ஆனால் ஜூன் மாதம் அந்தப் பிள்ளை புதுப் பள்ளியின் வாசலில் நிற்கும்போது நம்மில் யார் பக்கத்தில் இருக்கிறோம்? ஹாஸ்டலில் முதல் ராத்திரி அழுத நம்மை ஒரு சீனியர் அண்ணனோ அக்காவோ வந்து சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார் இல்லையா? அவர் என்ன பேசினார் என்று மறந்திருக்கும். அவர் வந்தது மறக்கவில்லை.

அதனால் சங்கத்துக்கு என் சிறிய வேண்டுகோள். உதவித்தொகை தருகிறோம், நல்லது. அதோடு, எட்டாவது முடித்துப் பள்ளி மாறும் ஒரு பிள்ளைக்கு நம்மில் ஒருவர் என்று மூன்று வருஷத்துக்குப் பொறுப்பெடுத்துக் கொள்ளலாமே. அந்தந்த வீட்டாரின் சம்மதத்தோடு, பள்ளிக்கும் தெரியும்படி. எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி. மாதம் ஒரு கடிதம், ஒரு போன், விடுமுறையில் ஒருமுறை நேரில். சொன்ன தேதியில் தவறாமல் போக வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. முடியாதவர்கள் முதலிலேயே சொல்லி விடுவது நல்லது. தொடங்கிவிட்டு நிறுத்துவது, தொடங்காமல் இருப்பதைவிட மோசம். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். இப்போது அவன் பையன் இல்லை, மீசை வைத்த ஆள். தறியில் இருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். கோபம் எதுவும் காட்டவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பத்தாவது தேர்வைத் தனியாக எழுதலாமா என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தான். எழுதலாம் என்றேன். விண்ணப்பம் போடுகிற நாளுக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி இருக்கிறேன். இந்த முறை போவேன்.